கூலன்ட் குறைந்துகொண்டே போகிறதா? ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் லீக்கைக் கண்டுபிடியுங்கள்

கேள்வி: எங்களிடம் இருப்பது 2007 மாருதி 800 ஏசி. அப்பா வாங்கிய வண்டி. பதினைந்து வருடம் முடிந்து ஆர்.சி.யும் புதுப்பித்துவிட்டோம். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து அம்மாவை மாதம் ஒருமுறை புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குக் கூட்டிப் போவது இதில்தான். மூன்று மாதமாக ரேடியேட்டர் தண்ணீர் குறைந்துகொண்டே போகிறது. வாரத்துக்கு அரை லிட்டராவது ஊற்ற வேண்டியிருக்கிறது. வீட்டு போர் தண்ணீரைத்தான் ஊற்றுகிறேன். ஓடும்போது சூடு காட்டும் முள் நடுவில் நிற்கிறது. மரப்பாலம் சிக்னலில் ஏசியோடு நின்றால் மெல்ல மேலே ஏறுகிறது. சில நாள் காலையில் வண்டியின் முன்பக்கத்துக்குக் கீழே உள்ளங்கை அளவு ஈரம் தெரிகிறது. ஒரு மெக்கானிக், எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு, அதாவது ஹெட் கேஸ்கட் போய்விட்டது, ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்கிறார். இன்னொருவர் ரேடியேட்டரை மாற்றச் சொல்கிறார். மூன்றாமவர் தெர்மோஸ்டாட் வால்வை எடுத்துவிட்டால் சூடே ஆகாது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? பேசாமல் விற்றுவிடலாமா?
— ஒரு வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: தம்பி, அவசரமான விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவுடைய அடுத்த ஜிப்மர் தேதிக்குள் இந்த லீக்கைச் சரிசெய்யப் பாருங்கள். முடியாவிட்டால் அன்று ஒருநாள் பஸ்ஸிலோ வாடகைக் காரிலோ போய் வாருங்கள். வாரத்துக்கு அரை லிட்டர் என்பது இப்போதைக்குச் சின்ன லீக்தான். ஆனால் ஒரு ஹோஸ் வாய் கிழிந்தால் உள்ளே இருப்பதெல்லாம் சில நிமிஷத்தில் ரோட்டுக்கு வந்துவிடும். உடம்புக்கு முடியாதவரை உட்காரவைத்துக்கொண்டு கிருமாம்பாக்கம் வெயிலில் பானெட்டைத் திறந்து நிற்கும் நிலைமை உங்களுக்கு வர வேண்டாம்.

அடுத்தது, கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிரவைக்கும் ரேடியேட்டர் திரவம், பெட்ரோல் மாதிரி ஓட ஓடச் செலவாகிற பொருள் கிடையாது. எஞ்சின், ரேடியேட்டர், ஹோஸ், ஹீட்டர் எல்லாம் சேர்ந்து மூடிய ஒரு சுற்று. நல்ல நிலையில் இருக்கும் வண்டியில் மாதக்கணக்கில் மட்டம் இறங்காது. ‘பழைய வண்டி, கொஞ்சம் தண்ணி குடிக்கத்தான் செய்யும்’ என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். குறைகிறது என்றால் எங்கேயோ போகிறது. தரையில் சொட்டலாம், காருக்குள் கால்மிதிக்குக் கீழே ஊறலாம், இல்லை சிலிண்டருக்குள் நுழைந்து சைலன்சர் வழியாக ஆவியாகப் போகலாம். சில சமயம் எஞ்சின் ஆயிலோடு கலக்கவும் செய்யலாம்.

உங்களுக்கு யோசனை சொன்ன மூன்று பேரில் ஒருவராவது பிரஷர் ஏற்றி டெஸ்ட் செய்ததாக நீங்கள் எழுதவில்லை. அதனால் அவர்கள் சொன்னது எதையும் இப்போதைக்கு முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘இதோ, இங்கேதான் கசிகிறது’ என்று விரலை வைத்துக் காட்டும்வரை எந்தப் பொருளுக்கும் பணம் கொடுக்க வேண்டாம். நான் சொல்ல வேண்டியதில் முக்கியமானது இதுதான்.

உங்கள் கடிதத்திலேயே நல்ல தடயம் ஒன்று இருக்கிறது. காலையில் தெரியும் அந்த ஈரம். கூலன்ட் வெளியே வருகிறது, அதுவும் முன்பக்கத்தில் வருகிறது என்பதற்கு அது சாட்சி. வண்டி ஓடும்போது ரப்பர் ஹோஸும் உலோகக் குழாயும் சூட்டில் விரிந்து ஒன்றையொன்று இறுக்கிக்கொள்ளும். ராத்திரி ஆறியதும் சுருங்கும். கிளிப் தளர்ந்திருந்தாலோ ரப்பர் கெட்டிப்பட்டிருந்தாலோ அந்த நேரத்தில்தான் சொட்டுச் சொட்டாக வரும். ஓடும்போது கசிவது பல சமயம் சூடான எஞ்சின் மேலேயே பட்டுக் காய்ந்துவிடுவதால் கண்ணில் படாது. ஆகவே ஹெட் கேஸ்கட் மேல் பழி போடுவதற்கு முன் கிளிப், ஹோஸ், ரேடியேட்டர், வாட்டர் பம்ப் ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும்.

சிக்னலில் முள் ஏறுவதற்கும் காரணம் சொல்கிறேன். வண்டி ஓடினால் காற்று தானாக ரேடியேட்டருக்குள் புகுந்துவிடும். நின்றால் ஃபேன்தான் இழுக்க வேண்டும். உள்ளே தண்ணீர் குறைவாக இருந்தால் மிச்சம் இருப்பது சீக்கிரம் சூடாகும். ஃபேனைப் போடச் சொல்லும் சென்சார் தண்ணீரில் முங்காமல் காற்றில் நின்றால் அது சூட்டைச் சரியாக உணராது, ஃபேனும் நேரத்துக்கு ஓடாது. அதனால் லீக் சரியானதும் முள் ஏறுவதும் சேர்ந்து சரியாக நல்ல வாய்ப்பு இருக்கிறது. சரியாகவில்லை என்றால் ஃபேன் மோட்டார், ரிலே, ரேடியேட்டர் அடைப்பு என்று தனியாகப் பார்க்கலாம். முள்ளை மட்டும் நம்பி ஓட்டவும் வேண்டாம். தண்ணீர் ரொம்ப இறங்கிவிட்டால் முள்ளுக்குச் சூட்டைச் சொல்லும் சென்சாரும் காற்றில் நின்றுவிடும். எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும்போதே முள் கீழே இறங்கிக் காட்டும்.

இனி வீட்டிலேயே செய்யக்கூடியது. ராத்திரி முழுக்க நின்று ஆறிய வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் செய்ய வேண்டும். சூடான ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே கூடாது. குக்கர் வெயிட்டைக் கொதிக்கும்போது எடுத்தால் என்ன ஆகுமோ அதே ஆபத்துதான் இங்கேயும். உள்ளே இருக்கும் தண்ணீர் நூறு டிகிரிக்கு மேலே போயும் மூடியின் அழுத்தத்தால் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த நொடியில் கொதித்து முகத்தில் பீய்ச்சும். மேல் ஹோஸைக் கையால் பிடித்துப் பாருங்கள். சூடு இல்லாமல், அழுத்தினால் மெத்தென்று அமுங்கினால்தான் திறக்கலாம். அப்போதும் துணி போட்டுப் பிடித்து, மெதுவாகத் திருப்புங்கள்.

திறந்ததும் ரேடியேட்டருக்குள் எட்டிப் பாருங்கள். ரிசர்வ் பாட்டிலில் தண்ணீர் இருப்பதாலேயே ரேடியேட்டரும் நிறைந்திருக்கிறது என்று நினைக்க முடியாது. மூடியின் ரப்பர் கெட்டுப்போயிருந்தாலோ பாட்டிலுக்குப் போகும் சின்னக் குழாய் வெடித்திருந்தாலோ, எஞ்சின் ஆறும்போது பாட்டில் தண்ணீரை உறிஞ்சாமல் காற்றை உறிஞ்சிக்கொள்ளும். பாட்டில் நிறைந்திருக்கும், ரேடியேட்டர் காலியாக இருக்கும். அப்படியே பாட்டிலின் அடிப்பக்கத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். இத்தனை வருடத்துப் பிளாஸ்டிக், வண்டியோடு பொருந்தியிருக்கும் இடத்தில் முடி அளவு விரிசல் விட்டிருக்கலாம்.

ரிசர்வ் பாட்டிலில் இப்போதைய மட்டத்துக்கு நேராக ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். ராத்திரி வண்டியை விடும்போது முன்பக்கத்துக்குக் கீழே பழைய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து விரித்து வையுங்கள். முன் சக்கரம் நிற்கும் இடத்தை அட்டையில் குறித்துக்கொண்டால், காலையில் கறை விழுந்த இடத்துக்கு நேர் மேலே எது இருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஏசி தண்ணீரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது இடது பக்கம், டேஷ்போர்டுக்கு நேர் கீழே சொட்டும்; நிறம், வாசனை எதுவும் இருக்காது, காய்ந்தால் தடம் இருக்காது. கூலன்ட் என்றால் விரல்களுக்கு நடுவில் தேய்த்தால் லேசாக வழுக்கும், இனிப்பான வாடை வரும், காய்ந்த இடத்தில் பச்சையோ வெள்ளையோ ஒரு படிவம் நிற்கும். மூன்று மாதமாக வெறும் தண்ணீர் ஊற்றியிருப்பதால் உங்கள் வண்டியில் நிறம் வெளுத்துப்போயிருக்கும். அந்தப் படிவத்தைத்தான் தேட வேண்டும்.

எங்கே தேடுவது? டார்ச்சும் சின்னக் கண்ணாடி ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் இரண்டும் ரேடியேட்டரோடு சேரும் இடம், எஞ்சினோடு சேரும் இடம் என்று நாலு வாய்களைப் பாருங்கள். கிளிப்பின் விளிம்பில் உப்புப் பூத்ததுபோல் பொடிப்பொடியாக ஒட்டியிருந்தால் கசிவது அந்த வாய்தான். பிறகு ஹோஸை நடுவிலும் ஓரத்திலும் மாறி மாறி அமுக்குங்கள். நல்ல ஹோஸ் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அமுங்கும். கெட்டது சில இடத்தில் கட்டையாக இருக்கும், அமுக்கும்போது உள்ளே நொறுங்கும் சத்தம் வரும். எண்ணெய் பட்ட இடத்தில் உப்பிச் சதசதவென்று இருக்கும். கிளிப்புக்கு ஒட்டிய இடத்தைக் கொஞ்சம் வளைத்துப் பாருங்கள். விரிசல் அங்கேதான் ஒளிந்திருக்கும், நேராக இருக்கும்போது தெரியாது. பெரிய ஹோஸ் இரண்டையும் மாற்றிவிட்டு, எஞ்சினுக்குப் பின்பக்கம் போகும் விரல் தடிமன் பைபாஸ் ஹோஸையும் ஹீட்டர் ஹோஸையும் அப்படியே விட்டுவிடும் வழக்கம் நிறைய இருக்கிறது. அவற்றுக்கும் அதே வயசுதான். ஒரே வேலையாக மாற்றிவிடுவது நல்லது.

அப்புறம் வாட்டர் பம்ப். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறைய வண்டிகளில் கசிவது பம்ப்பாக இருக்க, செலவு ரேடியேட்டருக்குப் போகிறது. பம்ப் தண்டைச் சுற்றி ஒரு சீல் இருக்கும். அது தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போய்விடக் கூடாது என்பதற்காக, வெளியே வழிந்துவிட பம்ப் உடம்பில் ஒரு சின்ன ஓட்டை வைத்திருப்பார்கள். அந்த ஓட்டையிலிருந்து கீழ்நோக்கி நீளமாக ஒரு கறை இறங்கியிருந்தால் சீல் போய்விட்டது. ஓட்டையை எம்-சீல் வைத்து அடைப்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதீர்கள். தண்ணீர் பேரிங்குக்குள் புகுந்து, ஒருநாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே பம்ப் இறுகிப்போகும். எஞ்சினை நிறுத்திவிட்டு பம்ப் புல்லியைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தாலும், ஓடும்போது அந்தப் பக்கம் கரகரவென்று சத்தம் வந்தாலும் பம்ப்பை மாற்றும் நேரம் வந்துவிட்டது. பம்ப்பைக் கழற்ற டைமிங் பெல்ட்டைக் கழற்ற வேண்டியிருந்தால் பெல்ட்டையும் சேர்த்துப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். கூலி ஒன்றுதான்.

கார் உள்ளேயும் ஒரு பார்வை. முன் இடது சீட்டில் உட்காருபவர் கால் வைக்கும் இடத்தில் மிதியடியைத் தூக்கித் தரையைத் தொட்டுப் பாருங்கள். ஈரமும் இனிப்பு வாடையும் இருந்து, முன் கண்ணாடியில் துடைத்தாலும் போகாத பிசுக்கு படிந்தால் டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கசிகிறது. நம் ஊரில் ஹீட்டர் யாருக்கு வேண்டும் என்று கேட்கலாம். போடாவிட்டாலும் அதன் பெட்டியும் ஹோஸும் இந்தச் சுற்றில் சேர்ந்தவைதான்.

இவ்வளவு பார்த்தும் இடம் பிடிபடவில்லை என்றால் ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: ‘கூலன்ட் பிரஷர் டெஸ்டர் இருக்கா?’ ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் மாட்டி, கையால் பம்ப் அடிக்கும் மீட்டர் அது. ஆறிய எஞ்சினில், மூடியின் மேல் எழுதியிருக்கும் அழுத்தம் வரைதான் ஏற்ற வேண்டும். மூடியில் 0.9 என்று இருந்தால் 0.9 பார், அதைத் தாண்டினால் நல்ல ஹோஸையும் பிளாஸ்டிக் டேங்க்கையும் நாமே உடைத்ததாகிவிடும். ஏற்றிவிட்டுக் கால் மணி நேரம் விட வேண்டும். முள் அசையவில்லை என்றால் ஆறிய நிலையில் லீக் இல்லை. இறங்கினால் எங்கேயோ சொட்டுகிறது, டார்ச் அடித்துத் தேடினால் அகப்படும். எஞ்சினைச் சூடாக்கி, மூடியைப் பத்திரமாகத் திறக்கும் அளவுக்கு மட்டும் ஆறவிட்டு, வெதுவெதுப்பாக இருக்கும்போதே இன்னொரு தடவை செய்தால் சூட்டில் கசியும் இடமும் மாட்டலாம். மூடியையும் அதே டெஸ்டரில் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்பிரிங் தளர்ந்த மூடி சீக்கிரமே திறந்துவிடும். கூலன்ட் பாட்டிலுக்கு வழிந்து, அங்கிருந்து வெளியே போகும், வண்டியில் வேறெங்கும் லீக் இருக்காது. 0.9 பார் அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வரை கொதிக்காது. பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்திருந்தால் 125ஐயும் தாண்டும். மூடி அழுத்தத்தைப் பிடிக்கவில்லை என்றால் நூறிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். எஞ்சின் ஆறிய பிறகு மேல் ஹோஸ் சப்பிப்போய்க் கிடந்தால் மூடியின் உள் வால்வு ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். மூடிக்கு ஆகும் செலவு ரொம்பக் கம்மி. அதே எண் எழுதிய நல்ல கம்பெனி மூடியாக வாங்குங்கள்.

டெஸ்டில் முள் இறங்கியும் வெளியே ஈரம் இல்லையென்றால் எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் வட்டத் தகடுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். டம்மி என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்வார்கள். வெறும் தண்ணீரில் ஓடிய எஞ்சினில் இவை உள்ளிருந்தே துருப்பிடித்து ஊசித் துளை விடும், எஞ்சினோடு காற்று, புகைக் குழாய்கள் சேரும் மேனிஃபோல்டுக்குப் பின்னால் இருப்பது லேசில் கண்ணுக்குப் படாது.

இப்போது ஹெட் கேஸ்கட்டுக்கு வருகிறேன். முதல் மெக்கானிக் சொன்னது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. தண்ணீர் இல்லாமல் சூடேறிய வண்டியில் அதுவும் நடந்திருக்கலாம். ஆனால் ஹெட்டைக் கழற்றாமலேயே தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. காலையில் ஆறிய எஞ்சினில் ரேடியேட்டரை வாய்வரை நிரப்பி, மூடி போடாமல் ஸ்டார்ட் செய்யுங்கள். முதலில் சில குமிழிகள் வரும், அது மாட்டிக்கொண்டிருந்த காற்று. நிற்காமல் குமிழி வந்துகொண்டே இருந்தால் சிலிண்டர் காற்று தண்ணீருக்குள் வருகிறது. மூடி போட்டு ஸ்டார்ட் செய்தால் சூடேறுவதற்கு முன்பே, ஒரு நிமிஷத்துக்குள் மேல் ஹோஸ் கல்லாக இறுகுவதும் அதே அறிகுறி. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் சைலன்சரில் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் சந்தேகம் வலுக்கும். ஸ்பார்க் பிளக் மூன்றையும் கழற்றிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தண்ணீர் புகும் சிலிண்டரின் பிளக் மட்டும் கழுவி எடுத்ததுபோல் பளிச்சென்று இருக்கும்.

ஆயில் மூடியின் அடியில் பால்கோவா நிறத்தில் ஒட்டியிருந்தால் உடனே கேஸ்கட் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் ஓடும் வண்டியில், மழைக்கால ஈரத்தில் மூடியடியில் அப்படித்தான் படியும். டிப் ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். அதிலும் ஆயில் வெளுத்து நுரைத்திருந்தால்தான் கவலை. அந்த நிலையில் வண்டியை ஸ்டார்ட்கூடச் செய்யாமல் டோ செய்துகொண்டு போக வேண்டும். நிச்சயமாகத் தெரிய, ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீலத் திரவ டெஸ்ட் ஒன்று இருக்கிறது. எஞ்சின் புகை கலந்திருந்தால் நீலம் மஞ்சளாக மாறும். இந்த டெஸ்ட் எதிலும் மாட்டாத வண்டியில் ஹெட்டைக் கழற்றச் சம்மதிக்காதீர்கள். கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஹெட்டை லேத்தில் கொடுத்து மட்டம் பார்த்துவிட்டுத்தான் புது கேஸ்கட் போட வேண்டும். வளைந்த ஹெட்டில் எந்த கேஸ்கட்டும் நிற்காது.

ரேடியேட்டரை மாற்றச் சொன்னவருக்கு நம் கடற்கரைப் பக்கத்து ஊர்களில் பாதி நியாயம் உண்டு. கடலூரிலிருந்து புதுச்சேரி வரை உப்புக் காற்று ரேடியேட்டர் தகடுகளைத் தின்றுவிடும். விரல் நுனியால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். தகடு பொடியாக உதிர்ந்தால், லீக் இருக்கிறதோ இல்லையோ, அதற்குச் சூட்டை வெளியேற்றும் சக்தி போய்விட்டது; மாற்றத்தான் வேண்டும். உதிரவில்லை, தூசியும் சேறும் மட்டும்தான் என்றால் கழுவினால் போதும். 2024 டிசம்பர் பெண்ணையாற்று வெள்ளத்தில் உங்கள் வண்டி நின்றிருந்தால் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் வண்டல் இறுகியிருக்கும், வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாகச் சாதாரணக் குழாய்த் தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்லுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னைக் கிட்டத்தில் வைத்து அடித்தால் தகடு மடங்கிப்போகும். செம்பு, பித்தளை ரேடியேட்டராக இருந்தால் ஈயப்பற்று வைக்கத் தெரிந்தவரிடம் கொடுத்துச் சரிசெய்யலாம், நிற்கும். அலுமினியத் தகடும் பிளாஸ்டிக் டேங்க்கும் சேர்ந்தது என்றால் ஒட்டுப்போடுவது கொஞ்ச நாளைக்குத்தான் தாங்கும், புதுசு போட்டுவிடுங்கள்.

தெர்மோஸ்டாட்டை எடுத்துவிடும் யோசனையை மட்டும் அடியோடு மறுக்கிறேன். லீக்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எஞ்சின் சீக்கிரம் சூடாகி 80, 90 டிகிரியில் நிலையாக ஓட வேண்டும் என்பதற்காக வைத்த வால்வு அது. எடுத்துவிட்டால் காலையில் எஞ்சின் ஆறியே ஓடும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், ஆயிலில் ஈரம் தங்கிக் கசடு கட்டும். சில எஞ்சின்களில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸ் வழியாகவே சுற்றி வந்து, எடுத்த பிறகும் சூடாகும். வால்வு சந்தேகம் என்றால் கழற்றி ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்துப் பாருங்கள். அதன் மேல் எழுதியிருக்கும் டிகிரிக்குப் பக்கத்தில் திறக்க ஆரம்பிக்க வேண்டும். திறக்கவில்லை என்றால் அதே டிகிரியில் புதுசு வாங்கிப் போடுங்கள்.

ரேடியேட்டருக்குள் மஞ்சள் தூள் போடச் சொல்லியும் யாராவது வரலாம். லாரிக்காரர்கள் நடுவழியில் வண்டியை ஊர் சேர்க்கச் செய்துவந்த வைத்தியம் அது. ஓட்டையை அடைப்பதுபோலவே ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் ஹீட்டரையும் அடைக்கும். பாட்டிலில் விற்கும் லீக் ஸ்டாப்பரும் அதையேதான் செய்கிறது. ஆளில்லாத ரோட்டில் மாட்டிக்கொண்டால் பரவாயில்லை, ஊர் வந்து சேர்ந்ததும் முழுக்கக் கழுவிவிட வேண்டும். வீட்டு வாசலில் நிற்கும் வண்டிக்கு அது தேவையே இல்லை.

லீக் சரியானதும் கூலன்ட் நிரப்பும் வேலையையும் அவசரமாக முடிக்கக் கூடாது. போர் தண்ணீர் ஊற்றியிருக்கிறீர்கள். நம் கடலோர போர் தண்ணீரின் உப்பு, வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிகிறதே, அதேதான் எஞ்சினுக்குள்ளும் ரேடியேட்டர் குழாயிலும் படிந்து சூட்டை வெளியே விடாமல் செய்கிறது. துருவும் பிடிக்கும். பழைய தண்ணீர் முழுவதையும் வடித்து, தெளிவாக வரும்வரை அலசச் சொல்லுங்கள். கடைசி அலசல் டிஸ்டில்டு வாட்டரில் இருக்கட்டும். பேட்டரிக்கு ஊற்றுகிறோமே, அதேதான். கூலன்ட் கான்சென்ட்ரேட்டாக வாங்கினால் பாதி கூலன்ட், பாதி டிஸ்டில்டு வாட்டர். முழுக்க கூலன்ட்டே ஊற்றினால் இன்னும் நல்லது என்று நினைக்காதீர்கள். சூட்டைச் சுமப்பதில் தண்ணீர்தான் கெட்டி, கூலன்ட் மட்டும் ஊற்றினால் எஞ்சின் கூடுதலாகச் சூடாகும். ரெடிமிக்ஸ் என்று எழுதியிருந்தால் எதுவும் கலக்காமல் அப்படியே ஊற்றலாம். பச்சை, சிவப்பு என்று நிறம் பார்த்து வாங்காமல், உங்கள் வண்டிப் புத்தகத்தில் சொன்ன வகையைப் பார்த்து வாங்குங்கள். இரண்டு வகையைக் கலக்க வேண்டாம்.

ஊற்றும்போது ஹீட்டர் கன்ட்ரோலை முழுச் சூட்டுக்குத் திருப்பி வையுங்கள். மெதுவாக ஊற்றி, மூடியைத் திறந்து வைத்தபடியே எஞ்சினை ஸ்லோவில் ஓடவிட்டு, மட்டம் இறங்க இறங்க நிரப்புங்கள். கீழ் ஹோஸ் சூடாவது தெர்மோஸ்டாட் திறந்ததற்கு அடையாளம். ஃபேன் ஒருதடவை தானாக ஓடி நிற்கும்வரை அருகில் இருந்து பாருங்கள். அப்புறம் மூடி போட்டு, பாட்டிலில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் மட்டம் வையுங்கள். காற்று உள்ளே தங்கிவிட்டால் புதுப் பொருள் போட்ட வண்டியும் சூடாகும், பாவம், மெக்கானிக்குக்குக் கெட்ட பெயர் வரும்.

வடித்த பழைய கூலன்ட்டை வாசல் சாக்கடையில் கொட்ட விடாதீர்கள். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் கொடிய விஷம். இனிப்பாக இருப்பதால் தெரு நாயும் பூனையும் நக்கிக் குடிக்கும், கிட்னி போய்ச் செத்துவிடும். சின்னக் குழந்தைக்கும் அதே ஆபத்து. ஒரு கேனில் பிடித்து, மூடி, ஒர்க்‌ஷாப்பின் பழைய ஆயிலோடு சேர்க்காமல் தனியாகக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். ராத்திரி விரிக்கும் அந்த அட்டையையும் காலையில் எடுத்துவிடுங்கள்.

வழியில் முள் ஏறினால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உடனே ஏசியை நிறுத்துங்கள், ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து புளோயரைப் போடுங்கள், கண்ணாடியை இறக்கிக்கொண்டு ஓரம் கட்டுங்கள். முள் இறங்கவில்லை என்றால் எஞ்சினை நிறுத்திவிட்டு, மேல் ஹோஸ் ஆறும்வரை காத்திருங்கள். அரை மணி, முக்கால் மணி ஆகும். கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் அலுமினிய ஹெட் விரிசல் விடும். அரியாங்குப்பத்தில் நின்றால் ஜிப்மர் போய்விடலாம் என்று தோன்றும். போக வேண்டாம். அந்தக் கடைசிச் சில கிலோமீட்டரில்தான் கிளிப் வேலை ஹெட் வேலையாக மாறுகிறது.

விற்றுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். மூன்று சிலிண்டர் சின்ன எஞ்சின், உதிரி பாகம் இன்றைக்கும் எளிதாகக் கிடைக்கிறது, எல்லா மெக்கானிக்குக்கும் கை பழகிய வண்டி. பாடியில் துரு இல்லாமல், மேலே சொன்ன டெஸ்டில் ஹெட் தப்பித்துவிட்டால், கூலன்ட் லீக்குக்காக விற்க வேண்டிய அவசியமே இல்லை. அப்பா வாங்கியதை இன்னும் நாலைந்து வருடம் தாராளமாக ஓட்டலாம். பாடியும் போய், ஹெட்டும் போயிருந்தால்தான் செலவைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

வேலை முடிந்த பிறகு பாட்டிலில் புது மட்டத்துக்கு நேராக இன்னொரு டேப் ஒட்டி, இரண்டு வாரம் தினமும் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பாருங்கள். முதல் இரண்டு மூன்று நாளில் கொஞ்சம் இறங்கினால் மிச்சக் காற்று வெளியேறியிருக்கிறது, ஒருமுறை நிரப்பினால் போதும். அதற்குப் பிறகும் இறங்கி, அட்டையில் கறையும் விழவில்லை என்றால் அந்த நீலத் திரவ டெஸ்டை இன்னொருமுறை செய்யச் சொல்லுங்கள்.